பெரிய குருத்தெலும்பு வில்லையின் நடுப்பகுதி வளரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

ஜெல்லில் செல்களைக் கலந்து ஆய்வகத்தில் குருத்தெலும்பு வளர்க்கிறோம். 4 மி.மீ. விட்டமுள்ள வில்லை அழகாக வளர்ந்திருக்கும். வெள்ளையாக, கெட்டியாக, இடுக்கியால் பிடித்தால் துள்ளும். அதே செல்கள், அதே ஜெல், அதே மீடியம் (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவம்) வைத்து 10 மி.மீ. விட்டத்துக்குப் போனால் நடுப்பகுதி வெறும் ஜெல்லாகவே நின்றுவிடும். 40 மி.மீ. போனால் கேட்கவே வேண்டாம். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. முழங்காலில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. தடிமன்தான். மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் அதன் செல்கள் வாழ்கின்றன. அதனால் 'இது பசி தாங்கும் திசு, வளர்ப்பதற்கு அதிகம் கவலைப்பட வேண்டாம்' என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உடம்பில் இருக்கும் முதிர்ந்த குருத்தெலும்பில் செல்கள் குறைவு, அவை செய்யும் வேலையும் குறைவு. ஆய்வகத்தில் நாம் ஒரு மி.லி. ஜெல்லில் 2 கோடி முதல் 6 கோடி செல்கள்வரை திணிக்கிறோம். சில வாரங்களில் முழுத் திசுவையும் கட்டி முடிக்கச் சொல்கிறோம். அந்த வேலைக்கு ஏற்ற சாப்பாடு போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் காண்ட்ரோசைட் எனப்படும் குருத்தெலும்புச் செல்களைக் கலந்து, சுமார் 2.3 மி.மீ. தடிமனில் வில்லையாக வெட்டி, அதிக குளுக்கோஸ் உள்ள டி.எம்.இ.எம். மீடியத்தில் வளர்க்கும் முறையை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் ஹங், ஜெரார்ட் அடீஷியன் குழுவினர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் முறை இது. சேனல், அதாவது மீடியம் உள்ளே போக மெல்லிய துளைகள், போட்டு 40 மி.மீ. விட்டம்வரை அவர்கள் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆல்ஜினேட், ஹயலுரோனிக் அமில ஜெல் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால்

வில்லையை வெட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு தொகுதியிலும் வெட்டிப் பார்ப்பதற்கென்றே சில வில்லைகளைக் கூடுதலாக வார்த்துவையுங்கள். முதல் நாள் ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. நடுவில் நேராக இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கால்சீனும் (உயிருள்ள செல்லைப் பச்சையாக்கும் சாயம்) எத்திடியம் ஹோமோடைமரும் (செத்த செல்லைச் சிவப்பாக்கும் சாயம்) போட்டு உயிருள்ளது எது, செத்தது எது என்று பாருங்கள். இன்னொரு பாதியை, செல்கள் கட்டிய திசுவின் சர்க்கரைச் சங்கிலிகளைச் சிவப்பாக்கும் சஃப்ரனின் ஓ சாயத்துக்கு அனுப்புங்கள். சிவப்பு எங்கே அடர்த்தி, எங்கே வெளிறுகிறது என்பதுதான் உங்கள் வரைபடம்.

அடுத்தது, மீடியம் மாற்றும்போது பழைய மீடியத்தைக் கொட்டிவிடாமல் அதில் குளுக்கோஸ் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் குளுக்கோமீட்டர் போதும். அதிக குளுக்கோஸ் டி.எம்.இ.எம்.மில் இருப்பது லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 450 மி.கி. வீட்டு மீட்டர்கள் பொதுவாக 600 வரை காட்டும். ஆனால் அவை ரத்தத்துக்காகச் செய்யப்பட்டவை, மீடியத்தில் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. புது மீடியத்தையும் குளுக்கோஸ் இல்லாத மீடியத்தையும் முழுசு, முக்கால், பாதி, கால் என்ற அளவில் கலந்து, நான்கையும் அதே ஸ்ட்ரிப்பில் அளந்து ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். புது ஸ்ட்ரிப் டப்பா திறக்கும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மாதிரியை 37 டிகிரியிலிருந்து எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிட்டு அளந்தால் எண்கள் அலைபாயாது.

மீடியம் மாற்றும் நாளுக்கு முன்பே மஞ்சளாகிவிடுகிறது

முதலில் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கலங்கலாக இருந்தால் அது கிருமித் தொற்று, இந்தக் கட்டுரை உதவாது. தெளிவாகவும் மஞ்சளாகவும் இருந்தால் அது லாக்டிக் அமிலம், மீடியத்திலுள்ள நிறங்காட்டி அமிலத்தில் மஞ்சளாகும். குருத்தெலும்புச் செல் பெரும்பாலும் ஆக்ஸிஜனை நம்பாமல் குளுக்கோஸை உடைத்துத்தான் பிழைக்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு லாக்டிக் அமிலம் வெளியே வரும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். விட்டம் 4 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ. ஆகும்போது, தடிமன் மாறாவிட்டாலும், செல்களின் எண்ணிக்கை 6 மடங்குக்கு மேல் ஏறுகிறது. 40 மி.மீ. ஆனால் 100 மடங்கு. ஆனால் மீடியத்தின் அளவை நாம் வெல் பிளேட்டில் எவ்வளவு கொள்ளுமோ அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். 10 மி.மீ. வில்லையின் கொள்ளளவு சுமார் 0.18 மி.லி. மி.லி.க்கு 3 கோடி செல்கள் என்றால் அதில் 54 லட்சம் செல்கள். பத்து லட்சம் செல்களுக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோமோல் குளுக்கோஸ் செலவாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (உங்கள் செல்லுக்கு உண்மையில் எவ்வளவு என்பதைக் குளுக்கோமீட்டர் சொல்லும்). நாளுக்குக் கிட்டத்தட்ட 11 மைக்ரோமோல். மேலே சொன்ன அதிக குளுக்கோஸ் மீடியம் 25 மில்லிமோலார், அதாவது மி.லி.க்கு 25 மைக்ரோமோல். அதை 2 மி.லி. ஊற்றினால் இருப்பு 50 மைக்ரோமோல். மூன்று நாளில் 33 போய்விடும், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். செல் அடர்த்தியை 6 கோடியாக்கினால் மூன்றாம் நாள் முடிவதற்குள் கிண்ணம் காலி. இதே கணக்கை 40 மி.மீ. வில்லைக்குப் போட்டால், 3 கோடி அடர்த்தியிலேயே மூன்று நாளைக்கு 520 மைக்ரோமோல் தேவை. 20 மி.லி. மீடியத்தில் இருப்பது 500.

அப்படியானால் குளுக்கோஸைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். டி.எம்.இ.எம்.மில் அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட் 44 மில்லிமோலார்தான். 25 மில்லிமோலார் குளுக்கோஸ் முழுவதும் செலவானால் 50 மில்லிமோலார் லாக்டிக் அமிலம் வரும், அதற்கே இந்தத் தாங்கல் போதாது. 50 மில்லிமோலார் குளுக்கோஸ் ஊற்றினால் குளுக்கோஸ் தீரும் முன்பே அமிலம் செல்களின் வேலையை நிறுத்திவிடும். போதாக்குறைக்கு மீடியத்தின் சவ்வூடு அழுத்தமும் ஏறும். கூட்ட வேண்டியது மீடியத்தின் அளவைத்தான், செறிவை அல்ல. மாற்றும் நாளன்று பாதி குளுக்கோஸாவது மிஞ்சியிருக்கும்படி அளவை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 40 மி.மீ. வில்லைக்கு அது 42 மி.லி. அளவுக்கு வரும். வில்லையை ஆழமான பாத்திரத்துக்கு மாற்றுவதோ, வெளியே ஒரு பாட்டிலில் மீடியம் வைத்து மெதுவாகச் சுற்றிவிடுவதோ உங்கள் வசதி.

2006-இல் ஹேவுட், பேடர், லீ மூவரும் லண்டனில் ஆல்ஜினேட் ஜெல்லை வைத்துச் செய்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. குளுக்கோஸ் செறிவும் மீடியத்தின் அளவும் சேர்ந்துதான் உள்ளே இருக்கும் செல்கள் பிழைக்கின்றனவா என்பதைத் தீர்மானிக்கின்றன. இது தெரிந்தும் பல இடங்களில் சேனல், பம்ப் என்று செலவு செய்துவிட்டு மீடியத்தை மட்டும் அளந்து அளந்து ஊற்றுகிறார்கள். மீடியத்தில் கலக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா (செல்களைத் திசு கட்டத் தூண்டும் புரதம்) விலை அப்படி, புரிகிறது. ஆனால் அது முதல் இரண்டு வாரத்துக்குத்தான் பொதுவாகத் தேவைப்படுகிறது. அதற்குப் பிறகு வெறும் மீடியத்தில் கஞ்சத்தனம் காட்டக் காரணமே இல்லை.

விளிம்பு கெட்டி, நடுப்பகுதி கொழகொழ

வெட்டிப் பார்த்தால் ஓரமெல்லாம் வெந்து நடுவில் மாவாக இருக்கும் இட்லி மாதிரி இருக்கும். சஃப்ரனின் சாயத்தில் சுற்றிலும் சிவப்பு வளையம், உள்ளே வெளிறிய தீவு. எல்லோரும் முதலில் பார்க்கும் அறிகுறி இதுதான்.

மாற்றும் நாளன்று குளுக்கோஸ் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறதா? இல்லையென்றால் மேலே சொன்னதை முதலில் சரிசெய்யுங்கள். கிண்ணமே காலியாக இருக்கும்போது உள்ளே போகும் வழியைச் செப்பனிட்டுப் பயனில்லை. மிஞ்சியிருந்தும் நடுப்பகுதி வெளிறினால், அப்போதுதான் தூரம் பிரச்சினை.

வெளியிலிருந்து ஊறிவரும் குளுக்கோஸை வழியிலுள்ள செல்களே எடுத்துக்கொள்கின்றன. அது எவ்வளவு ஆழம் போகும் என்பது செறிவின் இருபடி மூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஆழம் போக வேண்டுமானால் வெளியே நான்கு மடங்கு செறிவு வேண்டும். செல் அடர்த்தியை இரட்டித்தால் ஆழம் 0.7 மடங்காகச் சுருங்கும். திருப்பிப் பார்த்தால், தூரத்தைப் பாதியாக்குவது செறிவை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். சேனலின் பலம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் சேனலைக் கண்ட இடத்தில் குத்தினால் போதாது. 2.3 மி.மீ. தடிமனுள்ள வில்லையின் மேலும் கீழும் திறந்திருந்தால், எந்தச் செல்லும் ஏதோ ஒரு மேற்பரப்பிலிருந்து 1.15 மி.மீ.க்கு அப்பால் இல்லை. சேனல்களுக்கு இடையே 8 மி.மீ. விட்டால் அவை இந்தத் தூரத்தைக் குறைக்கப்போவதே இல்லை. இடைவெளி தடிமனை ஒட்டி, 2 முதல் 3 மி.மீ.க்குள் இருந்தால்தான் வேலை செய்யும். 10 மி.மீ. வில்லையில் 1 மி.மீ. சேனல் 12 போட்டால் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 2.5 மி.மீ. வரும். அதற்கு விலையாகப் பரப்பில் 12 சதவீதத்தை இழக்கிறீர்கள். இன்னும் நெருக்கினால் சல்லடையாகிவிடும், அழுத்திச் சோதிக்கும்போது விறைப்பு விழும். நான் 12-ஐ ஒட்டித் தொடங்கச் சொல்வேன். ஒரு தொகுதியில் சேனல் இல்லாதது, குறைவாக உள்ளது, 12 உள்ளது என மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குத்தும் விதம் முக்கியம். ஜெல் உறைந்த அன்றே, 1 மி.மீ. பயாப்ஸி பஞ்ச்சை (வட்டமாகத் துளைக்கும் குழல் கத்தி) நேர் செங்குத்தாக இறக்கி, அடி தட்டியதும் லேசாகத் திருகி எடுங்கள். பஞ்ச்சின் வாயில் ஒரு குட்டி ஜெல் உருளை ஏறி வர வேண்டும். வரவில்லையென்றால் அது துளைக்குள்ளேயே நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும், ஆனால் மீடியம் போகாது. வில்லையை விளக்குக்கு எதிரே பிடித்தால் திறந்த சேனல் பளிச்சென்று தெரியும், அடைபட்டது மங்கலாக இருக்கும். பழகும்வரை, செல் இல்லாத வில்லையில் குத்தி, ஒரு சொட்டு டிரைபன் புளூ சாயம் விட்டு, அடியில் வைத்த வடிதாளில் எத்தனை நீலப் புள்ளி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பஞ்ச் மழுங்கினால் துளையின் சுவர் கிழியும், சுவரை ஒட்டிய செல்கள் சாகும். மழுங்கியதை வைத்துக்கொண்டு இழுத்தடிக்காதீர்கள்.

மேல்பக்கம் நன்றாக இருக்கிறது, அடிப்பக்கம் வெளிறுகிறது

இதற்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் உண்டு. முதல் நாள் வெட்டிவைத்த வில்லைதான் தீர்ப்பு சொல்லும்.

முதல் நாள் செல்கள் மேலும் கீழும் சமமாக இருந்தால், வில்லை பிளாஸ்டிக் தளத்தில் ஒட்டி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அடிப்பக்கம் மூடியதும் 1.15 மி.மீ. தூரம் 2.3 ஆகிறது, தேவையான செறிவு நான்கு மடங்காகிறது. போட்ட சேனல்களும் ஒரு முனை மூடிய கிணறுகளாகின்றன. கிருமி நீக்கிய நைலான் அல்லது ஸ்டீல் வலையின் மேல் வில்லையைத் தூக்கி வையுங்கள். அடியில் இரண்டு மி.மீ. இடைவெளி கிடைத்தாலே போதும். அப்புறம் ஆர்பிட்டல் ஷேக்கரில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். அசையாத மீடியத்தில் வில்லையைச் சுற்றி ஊட்டம் வற்றிய ஒரு படலம் உருவாகும், அங்கே குளுக்கோஸ் மற்ற இடத்தைவிடக் குறைவாக இருக்கும். ஆட்டினால் அது கலையும். மீடியம் அலையாடினால் போதும், வில்லை உருண்டு சுவரில் மோதக் கூடாது. வலையும் ஷேக்கரும் இல்லாதவர்கள் மீடியம் மாற்றும்போதெல்லாம் வில்லையைத் திருப்பிப் போடலாம். இது அரை வைத்தியம்தான், ஆனால் ஒன்றும் செய்யாததற்கு மேல்.

முதல் நாளே செல்கள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால், அது ஊட்டப் பிரச்சினையே அல்ல. ஜெல் உறைய நேரம் எடுத்துக்கொண்டது, அதற்குள் செல்கள் வண்டலாக இறங்கிவிட்டன. அகரோஸையும் செல் கலவையையும் 37 முதல் 40 டிகிரியில் கலந்து, குளிர்ந்த அச்சில் உடனே ஊற்றி, விரைவில் உறையவிடுங்கள். கலவையை 42-ஐத் தாண்டி வைத்திருந்தால் செல்கள் ஊற்றும் முன்பே செத்திருக்கும். அதுவும் முதல் நாள் வெட்டில் தெரிந்துவிடும்.

நடுவில் செல்கள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் எதையும் கட்டவில்லை

கால்சீன் பச்சை நடுவிலும் பளபளக்கிறது, குளுக்கோஸும் மிஞ்சுகிறது, சஃப்ரனின் மட்டும் ஏறவில்லை. பிழைத்திருக்கத் தேவையானது போகிறது, வேலைக்கான ஆணையோ மூலப்பொருளோ போகவில்லை என்று அர்த்தம்.

ஆணை என்பது டி.ஜி.எஃப்-பீட்டா 3. மி.லி.க்கு 10 நானோகிராம் என்பது வழக்கமான அளவு. குளுக்கோஸைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிய மூலக்கூறு. மெதுவாக ஊறுவதோடு, வழியிலுள்ள திசுவில் ஒட்டிக்கொள்கிறது, வெளிப்புறச் செல்கள் அதை உள்வாங்கியும் விடுகின்றன. விளைவு, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்குக்கே அது எட்டுகிறது. மீடியத்தில் அளவைக் கூட்டினால் விளிம்புதான் மேலும் தடிக்கும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். சேனல் இதற்கும் உதவும், மேற்பரப்பு கூடுகிறது அல்லவா. அதற்கும் மேல் வேண்டுமானால் மெதுவாகக் கசியவிடும் நுண்கோளங்களில் அடைத்து, ஜெல்லோடு சேர்த்தே வார்க்க வேண்டும்.

மூலப்பொருளில் முதலில் அஸ்கார்பேட்டைச் சந்தேகியுங்கள். அது இல்லாமல் கொலாஜன் (திசுவின் நார்ப்புரதம்) ஒழுங்காக முறுக்கேறாது. சாதாரண அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரி மீடியத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. மூன்று நாளைக்கு ஒருமுறை மீடியம் மாற்றுபவர்கள் அஸ்கார்பேட் 2-பாஸ்பேட்டைத்தான் போட வேண்டும், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் அளவில். அடுத்தது இன்சுலின். கொலம்பியா குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இன்சுலின், அஸ்கார்பேட், குளுக்கோஸ் இந்த மூன்றும்தான் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்தன. இன்சுலினோடு சேர்ந்து ஐ.டி.எஸ். என்ற கலவையில் வரும் டிரான்ஸ்ஃபெரின், செலீனியத்தின் பங்கு மிகக் குறைவு. அதனால் பழைய ஐ.டி.எஸ். பாட்டிலை வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள், வீரியம் குறைந்திருந்தால் பாதிக்கப்படுவது இன்சுலின்தான்.

ஸ்டெம் செல்லில் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. காண்ட்ரோசைட் நடுவில் ஓரளவு பசியைத் தாங்கிச் சும்மா இருக்கும், எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் பசித்தால் செத்தே போகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மௌக் குழுவினர் பார்த்தபோது, ஆக்ஸிஜன் குறைவைவிடக் குளுக்கோஸ் குறைவுதான் அவற்றைக் கொன்றது. உங்கள் நடுப்பகுதி எத்திடியம் சிவப்பாக இருந்தால் சேனலையும் மீடிய அளவையும் முதல் நாளிலிருந்தே சரியாக வைக்க வேண்டும். பின்னால் திருத்த முடியாது.

சேனல்கள் மூடிக்கொள்கின்றன

சில வாரங்களில் சேனலுக்குள் வெண்மையான திசு வளர்ந்து அடைத்துவிடும். அது எப்போது நடக்கிறது என்பதுதான் கேள்வி. நடுப்பகுதி ஏற்கெனவே நன்றாகச் சாயம் ஏறியிருந்தால் மூடட்டும், நல்லதுதான், முழுத் திசுதானே கடைசியில் நமக்கு வேண்டும். அதற்கு முன்பே மூடினால் அதே அளவு பஞ்ச்சை அதே இடத்தில் திரும்ப இறக்கலாம். இந்த முறை சுவர் கெட்டியாக இருக்கும், திருகல் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். நிரப்பியிருக்கும் திசு மங்கலாக, நார் நாராக இருந்தால் ஒன்றை, கொலாஜன் நார்களைக் காட்டும் பிக்ரோசிரியஸ் சாயத்தில் பாருங்கள். செல்கள் சுவரிலிருந்து வெளியேறிப் பரவி நார்த்திசுவாக மாறியிருக்கக்கூடும். அந்த நிலையில் திரும்பக் குத்துவதுதான் சரி.

வில்லை உப்புகிறது, கிண்ணம் போல வளைகிறது

வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் 'மேல்பக்கம், அடிப்பக்கம்' பகுதியில் சொன்னதே. ஒரு முகம் அதிகம் வளர்ந்து விரிகிறது, இன்னொன்று பின்தங்குகிறது. வலையில் தூக்கி வைத்தால் அடுத்த தொகுதியில் நின்றுவிடும்.

எல்லாப் பக்கமும் சமமாக உப்பினால் விஷயம் வேறு. கிளைக்கோஸமினோகிளைக்கன் (சஃப்ரனின் சிவப்பாக்கும் அதே சர்க்கரைச் சங்கிலிகள்) நீரை இழுத்து வீங்கவைக்கிறது, அதை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் வலை போதவில்லை. ஆய்வகத்தில் கிளைக்கோஸமினோகிளைக்கன் இயற்கை அளவை எட்டிவிடும், கொலாஜன் பின்னாலேயே நிற்கும். ஊட்டத்தைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி இன்னும் வெளிப்படையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அஸ்கார்பேட்டைச் சரிபார்த்தபின், துளைகளுள்ள கூண்டுக்குள் வைத்து வளர்த்து வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் முறையைக் கொலம்பியா குழுவே 2017-இல் காட்டியிருக்கிறது. கூண்டின் துளைகள் சேனல்களின் மேலேயே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கஷ்டப்பட்டுத் திறந்த வழியை நீங்களே மூடியதாகிவிடும்.

பம்ப் வைத்தபின் வெளிப்புறம் செல்கள் சாகின்றன

ஓட்டம் அதிகம். வில்லையின் முகத்தில் நேராக மோதும்படி குழாயை வைக்காமல் பாத்திரத்தின் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். பிறகு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, உள்ளே போகும் மீடியத்துக்கும் வெளியே வரும் மீடியத்துக்கும் இடையே குளுக்கோஸ் வித்தியாசம் மீட்டரில் லேசாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் எவ்வளவு வேகம் கூட்டினாலும் செல்லுக்குக் கூடுதலாக எதுவும் போகப்போவதில்லை.